ஒரு மாதம் போத்தலைத் தொடாமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் நல்லூர்க் கொடியேற்றத்தோடு குடியை நிறுத்தினேன். திருவிழா முடிந்த பிறகும் தொடங்காமல் இழுத்து, மொத்தம் 43 நாட்கள் இருந்தேன். நான் வைத்தியரும் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை, வயது 47. வெள்ளியும் சனியும் கூட்டாளிகளோடு சாராயம், இடையில் அலுப்புக்கு ஒரு பியர் என்று இருபது வருடம் ஓட்டியவன். அந்த 43 நாட்களுக்குப் பிறகு கந்தோரிலும் ஒழுங்கையிலும் சொந்தத்துக்குள்ளும் என்னிடம் வந்த கேள்விகள்தான் இவை. உடம்பு சம்பந்தப்பட்ட பதில்களை மட்டும் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன்.

நான் குடிகாரன் இல்லையே. எனக்கு எதற்கு இது?

நானும் இதைத்தான் கேட்டேன். எங்கள் ஊரில் இரண்டே பெயர்தான் உண்டு: ஒருவர் ‘குடிக்காதவர்’, இல்லாவிட்டால் ‘குடிகாரன்’. குடிகாரன் என்றால் தவறணைக்குப் பக்கத்து வேலியோடு சாரம் அவிழக் கிடப்பவர். நாங்கள் வீட்டில், கதிரையில் இருந்து, கோழிப் பொரியலோடு குடிப்பவர்கள். ஆகவே அந்தப் பெயர் எங்களுக்குப் பொருந்தாது. நடுவில் இருக்கும் இந்தப் பெரிய கூட்டத்துக்குப் பெயரே இல்லாததால் யாரும் தன்னைப் பார்த்துக்கொள்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஓடிட்’ என்ற பத்துக் கேள்விப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. மொத்தம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிக்கும் விதம் உடம்பைக் கெடுக்கக்கூடியது என்று கணக்கு. 20 வந்தால் உடம்பே மதுவில் தங்கியிருக்கச் சாத்தியம் அதிகம், வைத்தியரிடம் போக வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, முதல்நாள் இரவு நடந்தது மறந்துபோகிறதா என்று கேட்கும். எனக்கு 11 வந்தது. கடைசிக் கேள்வி, ‘உங்கள் குடியைப் பற்றி வீட்டாரோ நண்பரோ வைத்தியரோ கவலைப்பட்டதுண்டா’ என்பது. அதை என் மனுசியிடம் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தால் புள்ளி இன்னும் ஏறியிருக்கும்.

சரி, நாளைக்கே நிறுத்தலாமா?

வாரத்தில் இரண்டு மூன்று நாள் குடிப்பவர் என்றால் பெரும்பாலும் நிறுத்தலாம். ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், அந்த நடுக்கம் ஒரு வாய் போனால்தான் அடங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்கள் யாரும் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

நீண்டகாலம் தினமும் குடித்த உடம்பிலிருந்து மதுவை ஒரேயடியாக எடுத்தால் சில மணித்தியாலங்களிலேயே நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளளவில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும். இதற்கு ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்று பெயர். வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் போகலாம். எங்கள் ஊரில் ஒருவர், மகளின் கலியாணத்துக்கு முன் திருந்த வேண்டும் என்று ஒரே நாளில் விட்டார். மூன்றாம் நாள் இரவு சுவரைப் பார்த்துக் கதைத்தார். ‘பேய் பிடித்துவிட்டது’ என்று வைரவர் கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டினார்கள். நல்ல காலம், விடியும் முன் யாரோ ஒருவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைத்தார்.

ஆஸ்பத்திரியில் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற விட்டமினும் கொடுப்பார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம்.

சலரோகத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், குடியை நிறுத்துவதையும் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். குடி நின்றால் அழுத்தமும் சீனியும் மாறும், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருடாவருடம் விடுகிறோமே, அது போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

பிரித்தானியாவில் 2013ஆம் ஆண்டு ‘ட்ரை ஜனவரி’ என்று ஓர் அமைப்பு தொடங்கிவைத்தது. ஜனவரி முழுதும் குடிக்காமல் இருப்பதுதான் விஷயம். இப்போது இலண்டனில் இருக்கும் எங்கள் பிள்ளைகளும் அதைச் செய்துவிட்டு, இங்கே போன் எடுத்துப் பெருமை பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். நல்லூரின் 25 நாள், கந்தசஷ்டியின் ஆறு நாள், கேதாரகௌரி விரதத்தின் 21 நாள், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் ஒரு மண்டலம், கத்தோலிக்கரின் தவக்காலம் 40 நாள் என்று இடைவெளி விட்டுப் பழகிய ஊர் இது. குடிக்காமல் இருக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் நாங்கள் விரதத்தில் என்ன செய்கிறோம்? நாளை எண்ணுகிறோம். கொடியேற்றத்துக்கு முதல்நாள் இரவு ‘நாளையிலிருந்து இல்லை’ என்று ஒரு பெரிய அமர்வு. தீர்த்தம், பூங்காவனம் முடிந்த கையோடு ‘விரதம் முடிக்க’ இன்னொரு பெரிய அமர்வு. பௌர்ணமிப் போயா தினத்துக்கும் இதே கதை. அன்று மதுக்கடைகள் பூட்டு என்பதால், முதல்நாள் பின்னேரம் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். நானும் அதில் நின்றிருக்கிறேன். இருபது வருடத்தில் இருபது தரம் விரதம் இருந்து, என் குடியைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் வெளியே வந்திருக்கிறேன். சுவாமிக்காக விட்டேன், சுவாமி வீட்டுக்குள் போனதும் தொடங்கினேன்.

போன வருடம் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். குடிக்க மனம் வந்த ஒவ்வொரு முறையும் நாள், நேரம், இடம், பக்கத்தில் யார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதினேன். மூன்று கிழமையில் அந்தக் கொப்பி எனக்கு என்னைக் காட்டிக் கொடுத்தது. அலுப்பில் குடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கொப்பியின்படி, மேலதிகாரியிடம் ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்த நாட்களில்தான் மனம் தவித்திருக்கிறது. உடம்பு முறிய வேலை செய்த நாட்களில், உதாரணமாகக் கிணறு இறைத்த ஞாயிற்றுக்கிழமையில், ஒரு வரியும் இல்லை.

விரதத்தை விடச் சொல்லவில்லை. விரதத்தோடு கொப்பியையும் பிடியுங்கள்.

நான் குடிப்பது எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது?

கிளாஸ் கணக்கை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் ஊற்றுகிறவர் மாமா என்றால் அது ஒரு பெக், மருமகன் என்றால் இன்னொரு பெக். சுத்தமான மதுசாரம் எத்தனை கிராம் என்று பார்ப்பதுதான் சரி. பல நாடுகளில் 10 கிராமை ஓர் அலகு என்று எடுப்பார்கள்.

33.5 சதவீதச் சாராயம் 180 மில்லிலீற்றர், அதாவது கால் போத்தலில் ஏறத்தாழ 48 கிராம். கிட்டத்தட்ட ஐந்து அலகு. முழுப் போத்தல் என்றால் இருபது அலகு. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் 35 கிராம் வரை. ‘பியர்தானே’ என்று இரண்டு ரின் குடித்தவர் கால் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிட்டார்.

ஈரல் ஒரு மணித்தியாலத்தில் அகற்றுவது கிட்டத்தட்ட ஓர் அலகு. தேசிக்காய்த் தண்ணியும் கறுப்புக் கோப்பியும் அதை விரைவாக்காது. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி அரைப் போத்தலை ஒருவர் தனியே முடித்தால், காலை ஏழு மணிக்குப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் போகும்போதும் இரத்தத்தில் மிச்சம் இருக்கக்கூடும். இந்தக் கணக்கைப் போட்ட அன்று நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

கள்ளும் கணக்கா? அது இயற்கையானது, உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்களே.

கணக்குத்தான். கள்ளில் நாலு, ஐந்து சதவீதம் மதுசாரம் இருக்கும். ஒரு போத்தலில் ஏறத்தாழ 30 கிராம். பனையோலைப் பிளாவில் குடித்தாலும் அதே 30 கிராம். மரத்திலிருந்து இறங்கியது என்பது உண்மை, ஆனால் மரத்தின் சாற்றைக் கள்ளாக்குவதே நொதித்தல்தான். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் அந்த நொதித்தல் நின்று கருப்பநீர் கிடைக்கிறது. இடைவெளியில் இருக்கும்போது ஆசைக்குக் கருப்பநீர் குடியுங்கள், மாங்காய்த் துண்டோடு. சீவல் தொழிலாளியின் பிழைப்பும் கெடாது.

கசிப்பைப் பற்றி ஒரே வசனம்: அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது, மெதனோல் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும்.

ஒரு மாதத்தில் உடம்பில் அப்படி என்ன மாறிவிடும்?

2018இல் இலண்டனில் இருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மிதமாகவும் அதிகமாகவும் குடிக்கும் 94 பேர் ஒரு மாதம் நிறுத்தினார்கள். இரத்த அழுத்தம் இறங்கியது, எடை 1.5 சதவீதம் குறைந்தது, இன்சுலின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 26 சதவீதம் குறைந்தது. சலரோகம் வீட்டுக்கு வீடு இருக்கும் எங்கள் ஊரில் அந்தக் கடைசி எண்ணைத்தான் நான் இரண்டாம் முறை வாசித்தேன்.

என் அனுபவத்தில், முதல் கிழமை மோசம். நித்திரை வரவில்லை. குடித்தால் நல்ல நித்திரை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். மது ஆளை விரைவாக விழுத்தும், ஆனால் பின்னிரவு நித்திரையைக் கெடுக்கும் என்று வைத்தியர் சொன்னார். இரண்டரை மணிக்கு விழித்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்தச் சனி இரவுகளுக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. பத்தாம் நாள் அளவில் ஒரே மூச்சாக விடியும்வரை தூங்கினேன். இனிப்பு ஆசை பயங்கரமாக வந்தது. நல்லூர் வீதியில் ஐஸ்கிறீம் கடைகளுக்கு நான் கொடுத்த காசைச் சொன்னால் மனுசி திரும்பவும் குடிக்கச் சொல்லிவிடுவாள். அப்படியிருந்தும் இடுப்புப் பட்டி ஓர் ஓட்டை உள்ளே போனது. ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி. அதோடு வரும் கணவாய்ப் பொரியல், மிக்சர், இரவு பன்னிரண்டு மணிக் கொத்துரொட்டி எல்லாம் சேர்ந்துதானே நின்றன.

கூட்டாளிகளுக்கு என்ன சொல்வது?

குடியை விடுவதைவிட இதுதான் கஷ்டம். நான் வேண்டாம் என்றதும் முதல் கேள்வி: ‘ஏன் மச்சான், டொக்டர் ஏதும் சொன்னவரோ?’ அடுத்தது: ‘மனுசி சொன்னவவோ?’ அதற்கும் இல்லை என்றால், ‘அப்ப எங்களோட கோபமோ?’ இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு மனிதன் குடிக்காமல் இருக்கலாம் என்பதே எங்கள் கூட்டத்துக்குத் தோன்றாது.

பொய் சொல்லித் தப்பலாம். ‘அன்டிபயோட்டிக் எடுக்கிறேன்’ என்பது ஒரு கிழமைக்குத் தாங்கும். அதற்குப் பிறகு? நாள் குறித்துச் சொல்வதுதான் எனக்கு வேலை செய்தது. ‘இனிமேல் குடிக்கமாட்டேன்’ என்றால் அது அவர்களுக்கு ஒரு சவால், உங்களை விழுத்தும்வரை ஓயமாட்டார்கள். ‘இந்த மாதம் முடியும்வரை இல்லை’ என்றால் விட்டுவிடுகிறார்கள். முடிவுத் திகதி உள்ள எதையும் எங்கள் ஆட்கள் மதிப்பார்கள், விரதத்தால் வந்த பழக்கம்.

இன்னொன்று, கை வெறுமையாக இருக்கக் கூடாது. சோடாவோ இஞ்சித் தேத்தண்ணியோ ஒரு கிளாஸில் கையில் இருந்தால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். பைட்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், உறைப்பும் உப்பும் தானாக மற்றதைக் கேட்கும். எட்டரை மணிக்கு எழுந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அங்கே சொல்லப்படும் எல்லாக் கதையும் ஏற்கெனவே நீங்கள் கேட்டதுதான் என்பது, குடிக்காமல் இருந்து கேட்டால்தான் தெரிகிறது.

ஒருவன் மட்டும் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். இரண்டு மாதம் கழித்துத் தனியே வந்து, ‘அந்தக் கொப்பி எப்படி எழுதினது?’ என்று கேட்டான்.

வெளிநாட்டிலிருந்து அண்ணன் வருகிறார், டியூட்டி ஃப்ரீ போத்தலோடு. தொடாவிட்டால் மனம் நோவார்.

போத்தலை வாங்கி அலுமாரியில் வையுங்கள், அவர் முன்னாலேயே. ‘அண்ணை, நீங்கள் போக முதல் ஒருநாள் பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். ஏழு வருடம் கழித்து வருகிறவர் தேடுவது உங்களோடு விறாந்தையில் இருந்து பழைய கதை பேசும் அந்த இரவை. விஸ்கி அதற்கு ஒரு சாட்டு. கூழ் காய்ச்சிப் பாருங்கள், போத்தலை மறந்துபோவார்.

செத்த வீட்டில்?

இரவு முழுதும் கண் விழித்திருக்கும் இளைஞர்களுக்குப் போத்தல் கொடுப்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது. பந்தலுக்குப் பின்னால் போகாதீர்கள், முன்னால் கதிரையில் பெரியவர்களோடு இருங்கள்.

குடிக்காமல் இருந்தால் பழைய நினைவுகள் வருகின்றன. என்ன செய்வது?

இதை என்னிடம் கேட்டவர் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தாயைக் கூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர், பிறகு வன்னியில் தம்பியைப் பறிகொடுத்தவர். தினமும் இரவு இரண்டு பெக், நித்திரைக்கு. நிறுத்திய ஐந்தாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது என்றார்.

அவருக்கு நான் கொப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் தலைமுறையில் பலர் சாராயத்தை மருந்தாகத்தான் எடுத்தார்கள், வேறு மருந்து யாரும் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் மனநல வைத்தியராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனியாட்களை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் எப்படிக் காயப்படுத்தியது என்று நிறைய எழுதியிருக்கிறார். குடி கூடியதும் அந்தக் காயத்தின் ஒரு பக்கம். அப்படிப்பட்டவர்கள் பழைய நினைவுகளின் மூடியைத் தனியாகத் திறக்கத் தேவையில்லை. மனநலப் பிரிவுக்குப் போவது ‘விசர்’ என்று பெயர் எடுப்பதற்கு இல்லை, அங்கே முதலில் நடப்பது ஒருவர் இருந்து கேட்பது. அவர் போனார். நான் வாசல்வரை கூடப் போய்விட்டு, வெளியே கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மனுசனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து இருக்கிறதாமே?

இதைக் கேட்ட அக்காமார் மூன்று பேர். தயவுசெய்து செய்யாதீர்கள். குடியை வெறுக்கவைப்பதற்கு வைத்தியர்கள் கொடுக்கும் டைசல்பிரம் என்ற மாத்திரை, ஆள் அறிந்து சம்மதித்து எடுக்க வேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். இருதய வருத்தம் உள்ளவர் செத்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு கிழமை வரைக்கும் அந்த ஆபத்து இருக்கும். பெயர் தெரியாத தூள்களில் என்ன இருக்கிறது என்பது அதைவிட மோசமான கேள்வி.

வெறியில் இருக்கும்போது சண்டை பிடிக்காதீர்கள், காலையில் பேசுங்கள். அடி விழும் வீடு என்றால் முதலில் உங்களதும் பிள்ளைகளதும் பாதுகாப்பு, அவருடைய குடி இரண்டாவது.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

விரதம் என்றால் முறிந்துவிட்டது என்பார்கள். இங்கே அப்படி இல்லை. அன்று என்ன நடந்தது என்று எழுதிவிட்டு அடுத்த நாள் தொடருங்கள். ‘ட்ரை ஜனவரி’யைப் பின்தொடர்ந்த பிரித்தானிய ஆய்வில், மாதத்தை முழுதாக முடிக்காதவர்களும் ஆறு மாதம் கழித்து முன்பைவிடக் குறைவாகவே குடித்தார்கள். முழுதாக முடித்தவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. எனக்கு 18ஆம் நாள் தவறியது, ஒரு சாமத்தியச் சடங்கில். மேலே சொன்ன 43 நாளில் அதைக் கழித்துத்தான் எண்ணினேன்.

மதுசாரம் இல்லாத பியர் குடிக்கலாமா?

சிலருக்கு உதவும், சிலருக்கு அந்த மணமே ஆளை இழுக்கும்.

மாதம் முடிந்தது. பிறகு?

முதல் நாளே கொண்டாடினால் கவனம். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவை ஊற்றினால் ஆள் விழும். அந்த 43 நாளும் முடிந்த மறுநாள் எனக்கு இரண்டு பெக்கிலேயே ஒழுங்கை இரண்டாகத் தெரிந்தது.

சிலர் திரும்பிப் போகவே மாட்டார்கள். புற்றுநோயைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது, ஆகவே அவர்களிடம் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. நான் முழுதாக விடவில்லை. கொப்பியைப் பார்த்து மூன்று விஷயம் மட்டும் முடிவுசெய்தேன்: வீட்டுக்குள் போத்தல் இல்லை, தனியாக இல்லை, கந்தோரில் வாயை மூடிக்கொண்டு வந்த நாளில் இல்லை. மூன்றாவதைக் காப்பாற்றுவதற்காக, போன மாதம் முதல் தடவையாக மேலதிகாரியிடம் ‘அது சரிவராது சேர்’ என்று சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது எப்போது?

கொடியேற்றத்துக்கு. கொப்பி வாங்கியாயிற்று, இந்த முறை இரண்டு. ஒன்று என்னோடு பேச்சைக் குறைத்தவனுக்கு.